டர்பன்ல வண்டி ஓட்டுறீங்களா? கவர்மெண்ட் வண்டியை நம்பர் பிளேட்டை வச்சு கண்டுபிடிக்கிறது எப்படி

நம்ம தமிழ்நாட்டுல டிஎன் நம்பருக்கு அப்புறம் ஜி இருந்தா, கண்ணாடில 'அ'ன்னு ஒட்டிருந்தா கவர்மெண்ட் வண்டின்னு சின்னப் புள்ளையும் சொல்லிடும். இங்க சௌத் ஆப்பிரிக்காவுல அது வேற கணக்கு, ஊர்லேருந்து புதுசா வர்றவங்க தயவுசெஞ்சு இதைக் கத்துக்கிட்டு ரோட்டுல இறங்குங்க.

முதல்ல சாதா வண்டி. டர்பன் வண்டின்னா என்டின்னு (ND) ஆரம்பிக்கும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்னா என்பி (NP), 2023 டிசம்பர்லேருந்து வர்ற புது பிளேட்டுன்னா கடைசில இசட்என் (ZN). ஜொகன்னஸ்பர்க் பக்கத்து வண்டி ஜிபின்னு (GP) முடியும். இது போதும்.

கவர்மெண்ட் வண்டிக்கு கடைசி எழுத்தைப் பாருங்க. மூணு எழுத்து, மூணு நம்பர், அப்புறம் ஒரே ஒரு எழுத்து வரும். பி (B) வந்தா போலீஸ், எம் (M) வந்தா மிலிட்டரி, ஜி (G) வந்தா அரசாங்கம், டி (D) வந்தா தூதரகம். டர்பன் இருக்கிற நம்ம குவாசுலு நேட்டால் மாகாண அரசு வண்டிங்க மட்டும் கேஇசட்என்னு (KZN) ஆரம்பிச்சு வெறும் நம்பரா போகும், டர்பன் முனிசிபாலிட்டி வண்டின்னா என்டிஎம்னு (NDM) ஆரம்பிக்கும்.

இது எதுக்குன்னு கேட்டா, இங்க கள்ளப் பசங்க ப்ளூ லைட் மாட்டிக்கிட்டு போலீஸ் மாதிரியே வந்து நிறுத்துறாங்க. போன வருஷம் ராத்திரி 9 மணி இருக்கும், ஹிகின்சன் ஹைவேல வீட்டுக்காரம்மாவோட வந்துட்டிருந்தேன், பின்னாடி ஒரு வெள்ளைக் கார் ப்ளூ லைட் போட்டு ஒட்டிக்கிட்டே வருது, கண்ணாடில பாத்தா சாதா என்டி பிளேட். இதுல ஒண்ணு கவனிங்க, கண்ணாடில பிளேட் இடம் வலமா மாறித் தெரியும், அதனால கடைசி எழுத்து உங்களுக்கு இடது பக்கம் வரும், பி திரும்பி நிக்கும், எம் மட்டும் எப்படிப் பாத்தாலும் எம் தான். வீட்டு வாசல்ல நிக்கிற வண்டியை வச்சு ரெண்டு நாள் பழகுங்க, அவசரத்துல அப்பத்தான் கண்ணு பிடிக்கும்.

ஆனா மஃப்டி போலீஸும் சாதா பிளேட்டுல வரலாம், அதனால பறந்து ஓடிடாதீங்க. நான் ஹசார்ட் லைட்டைப் போட்டு, லெஃப்ட்ல ஸ்பீடைக் குறைச்சு, வெளிச்சமா இருந்த பெட்ரோல் பங்க் வரைக்கும் போனேன், அந்தக் கார் அதுக்குள்ள வேற பக்கம் திரும்பிடுச்சு. என் கை நடுக்கம் நிக்க அரை மணி நேரம் ஆச்சு. பக்கத்துல போலீஸ் ஸ்டேஷன் இருந்தா நேரா அங்கயே போங்க, கூட இருக்கிறவங்க போற வழியிலயே போலீஸ் அவசர நம்பர் 10111க்கு போன் போடட்டும்.

உண்மையான போலீஸ்னா அப்பாயிண்ட்மெண்ட் கார்டு, அதாவது போலீஸ் அடையாள அட்டை வச்சிருப்பாங்க, கதவைத் திறக்காம, கண்ணாடியை ரெண்டு விரல் அளவு மட்டும் இறக்கி, மரியாதையா கேளுங்க. நின்ன வண்டி மேல சந்தேகம்னா முன் கண்ணாடில ஒட்டிருக்கிற வட்டமான லைசென்ஸ் டிஸ்க்கைப் பாருங்க, அதுல இருக்கிற நம்பரும் பிளேட்டுல இருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கணும்.