டிசி பிரேக்கர் மாட்டும்போது செய்யக்கூடாதவை

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் சோலார் வேலைக்கு வரும் பையன்கள் கெட்டிக்காரர்கள். பேனலைத் தெற்கு நோக்கிச் சாய்க்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பிரேக்கர் பெட்டியைத் திறந்தால்தான் என் பொறுமை போகிறது.

பிரேக்கர் திசை பார்க்கும் என்று நம்புவது

துண்டிப்பதற்குத் திசை பார்க்காது. உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை சூட்டில் வளைகிறது. ஷார்ட் ஆனால் காந்தச் சுருள் இழுக்கிறது. மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இரண்டுக்கும் ஒன்றுதான். அளவு மீறினால் மட்டுமே விழும், அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும். பின்னோட்டத்தையே தடுக்க வேண்டுமானால், ஒரே திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டையோடு. ஜெனரேட்டருக்கு, மின்சாரம் திரும்பி வருவதை உணர்ந்து துண்டிக்கச் செய்யும் ரிவர்ஸ் பவர் ரிலே.

பேட்டரி வழியில் துருவப் பிரேக்கர்

துருவப் பிரேக்கர் என்றால் முனைகளில் + − குறி போட்டு, ஒரே திசை மின்னோட்டத்துக்கென்று செய்தது. ஒரு தோப்பில் பராமரிப்புக்காக பேட்டரி பிரேக்கரை இறக்கியதும் புகை கிளம்பியது. "நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது, அண்ணா" என்றான் மாட்டிய தம்பி. ஓடத்தான் செய்யும். கழற்றிப் பிளந்து பார்த்தேன். தொடர்பு பிரியும்போது இடைவெளியில் எரியும் மின்வில்லை நறுக்கி அணைக்க வேண்டிய இரும்புத் தகடுகள் கடையிலிருந்து வந்த பளபளப்போடு இருந்தன. கைப்பிடிப் பக்கத்துப் பிளாஸ்டிக்தான் உருகி வழிந்திருந்தது. வில் போக வேண்டிய இடத்துக்குப் போகவே இல்லை.

திசை மாறி மாறி ஓடும் 50 ஹெர்ட்ஸ் ஏசியில் மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை சுழியைத் தொடும். வில் அங்கே தானாக அணைய வாய்ப்புண்டு. ஒரே திசையில் ஓடும் டிசியில் அந்த வாய்ப்பே இல்லை. அதனால் இவ்வகைப் பிரேக்கரில் ஒரு நிரந்தரக் காந்தம் வைத்து, வில்லைத் தகடுகளுக்குள் தள்ளுகிறார்கள். மின்னோட்டம் திரும்பினால் தள்ளும் திசையும் திரும்பும். வில் பொறியமைப்புக்குள் புகுந்து அங்கேயே எரியும்.

பேட்டரியில் பகலில் சார்ஜ் உள்ளே போகிறது, இரவில் வெளியே வருகிறது. எப்படி மாட்டினாலும் பாதி நேரம் தலைகீழ்தான்! முனைகளில் + − குறி போட்ட பிரேக்கருக்கு அங்கே வேலையே இல்லை. துருவமற்றது என்று தயாரிப்பாளர் தெளிவாகச் சொல்லும் டிசி பிரேக்கரைக் கேட்டு வாங்குங்கள். விலை வித்தியாசம் பேசுகிறவர்களிடம் அந்த உருகிய பெட்டியைக் காட்டுகிறேன்.

பேனல் பக்கமும் இதே கதை வரும். தலா 10 ஆம்பியர் தரும் நான்கு ஸ்ட்ரிங்குகள் (தொடராகக் கோத்த பேனல் வரிசைகள்) இணையாக இருந்து ஒன்றில் பழுது வந்தால், மற்ற மூன்றும் ஏறத்தாழ 30 ஆம்பியரை அதற்குள் திணிக்கலாம். பேனலின் பின்னால் ஒட்டிய சீட்டில் அதிகபட்ச ஃபியூஸ் அளவு அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 15 முதல் 25 ஆம்பியர்தான். சரியாக மாட்டிய துருவப் பிரேக்கருக்கும் அந்த நேரத்தில் மின்னோட்டம் தலைகீழ். மூன்று ஸ்ட்ரிங் ஆகிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் சோலாருக்கென்றே செய்த ஜிபிவி ஃபியூஸ் போடுங்கள்.

சுமையில்லாமல் தட்டிப் பார்த்துவிட்டு "ஓகே" சொல்வது

கைப்பிடி அசைகிறது என்பதுதான் தெரியும். வில்லே எழவில்லையே.

ஏசிக்குச் செய்த எம்சிபியை (சிறு பிரேக்கரை) டிசிக்குப் போடுவது

இன்னும் செய்கிறார்கள். கழற்றுங்கள்.