மாத்திரையால் வந்த கடும் அலர்ஜியை அரசிடம் பதிவு செய்வது எப்படி?

மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை போட்ட 20 நிமிடத்தில் அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் எங்களுக்கு உயிரே வந்தது. அதைப் பதிவு செய்தபோது கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

மருந்துப் பக்கவிளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2010 முதல் நடக்கிறது. மருந்துகளின் தரத்தை வகுக்கும் மத்திய அரசு அமைப்பான, காஜியாபாத்தில் உள்ள இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் அதை நடத்துகிறது. டாக்டர்தான் எழுத வேண்டும் என்றில்லை, வீட்டாரும் எழுதலாம்.

1. பொதுமக்களுக்கான படிவம் தமிழிலேயே கமிஷன் இணையதளத்தில் இருக்கிறது. செயலியும் உண்டு, ஆனால் நான் தாளைத்தான் சொல்வேன். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து நடந்ததை நினைவுபடுத்தி எழுத அதுதான் தோது. எழுத முடியாதவர்கள் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

2. நோயாளியின் பெயருக்கு முதலெழுத்துகள் போதும். வயது, பாலினம் எழுதுங்கள்.

3. மருந்து விவரம். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கடைக்காரர் அட்டையைக் கத்தரியால் நறுக்கி நாலு மாத்திரை கொடுத்திருந்தார். பேட்ச் நம்பரும் காலாவதி தேதியும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருந்தன. அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிட்டது. பில்லும் வாங்கவில்லை. மறுநாள் ஓடினேன். டப்பாவில் நறுக்கிய அட்டைகள் மூன்று கிடந்தன. என் துண்டை ஒவ்வொன்றோடும் ஒட்டிப் பார்த்ததில் இரண்டாவதோடு வெட்டு சரியாகப் பொருந்தியது. உடனே போட்டோ எடுத்துக்கொண்டேன். ஒரே பேட்சில் பலருக்கு இப்படி ஆனால் தயாரிப்பிலேயே கோளாறா என்று தேட முடியும். அதற்கு அந்த எண் வேண்டும். இப்போதெல்லாம் பில் இல்லாமல் நான் மருந்து வாங்குவதே இல்லை.

4. நேரம். மாத்திரை போட்டது, தடிப்பு வந்தது, மூச்சு இழுத்தது, ஊசி போட்டது என ஒவ்வொன்றையும் மணியோடு எழுதுங்கள். பிரிட்டனில் 1992 முதல் நடந்த அனாபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான கடும் அலர்ஜி) மரணங்களைத் திரட்டிப் பார்த்தபோதுதான், உணவால் என்றால் சுமார் 30 நிமிடத்திலும், பூச்சிக்கடியால் 15 நிமிடத்திலும், ஊசி மருந்தால் 5 நிமிடத்திலும் மூச்சோ இதயமோ நின்றுபோனது தெரிந்தது. மணி சரியாகத் தெரியாவிட்டால் போன் அழைப்புப் பட்டியலைப் பாருங்கள். நான் தம்பியைக் கூப்பிட்டது 8.47 என்று அதில்தான் கிடைத்தது.

5. கூடவே சாப்பிட்ட மற்ற மருந்துகள், நாட்டு மருந்து உட்பட, எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம் படிவத்தைப் பக்கத்து மருத்துவக் கல்லூரியில் உள்ள பக்கவிளைவு கண்காணிப்பு மையத்தில் கொடுக்கலாம். பெரும்பாலும் மருந்தியல் துறையில் இருக்கும்.

பின்சேர்க்கை: டாக்டர் மேல் புகார் கொடுத்த மாதிரி ஆகிவிடுமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஆகாது. யார் மேலும் குற்றம் சொல்வதல்ல இது. சந்தேகம் இருந்தாலே எழுதலாம், நிரூபிக்க வேண்டியதில்லை. இன்னொருவர் மகனுக்கு வேர்க்கடலை அலர்ஜி என்றார். இந்தப் படிவம் மருந்துக்கும் தடுப்பூசிக்கும்தான். உணவு என்றால் நாலாவது படியில் சொன்னபடி நேரங்களை ஒரு நோட்டில் எழுதி அலர்ஜி டாக்டரிடம் காட்டுங்கள்.