வெள்ளாட்டின் கண்ணைப் படிப்பது எப்படி?

முதலில் வீட்டுப் பூனையின் எதிரில் அமருங்கள். இரு கண்களும் உங்களை நேராகப் பார்க்கும். இரண்டு பார்வைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால்தான் எலி இருக்கும் தூரத்தை அளந்து பாய்கிறது. ஆனால், முன்கண் என்றாலே வேட்டை விலங்கு என்று முடிவு கட்டாதீர்கள். பழம் தின்னும் குரங்கின் கண்களும் முன்னால்தான் உள்ளன.

பிறகு ஆட்டுப்பட்டிக்குப் போங்கள். எங்கள் வெள்ளாட்டுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. ஏறத்தாழ 320 பாகை பார்வைக்குள் அடங்கும். நேர் பின்புறம் தெரியாது. அங்கிருந்து தொட்டால் மிரளும்; தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே நெருங்குங்கள்.

அது மேயக் குனியும்போது, கிடைக்கோடுபோல் நீண்டிருக்கும் கண்மணியைப் பாருங்கள். தலை கவிழ்ந்தாலும் விழி சுழன்று, அந்தக் கிடைக்கோடு தரைக்கு இணையாகவே நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.