உங்கள் வலைச் செயலியில் தமிழ் உடையும் இடங்கள்

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பிஎச்பி நிரல்மொழியில் நீளத்தை அளக்கும் ஸ்டிரிலென் கட்டளையைப் போட்டால் 15 என்று வரும். எம்பி_ஸ்டிரிலென் போட்டால் 5. கிராஃபீம்_ஸ்டிரிலென் போட்டால்தான் 3. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்கின்றன, கோ மொழியின் லென் 15 என்கிறது, ஸ்விஃப்ட் மட்டும் கேட்டவுடன் 3 என்கிறது. எல்லா விடையும் சரிதான். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் வழக்கமான தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், அதனால் 15. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் குறிகள் 5. வாசிக்கிறவர் கண்ணில் படுவது 3 எழுத்து. இந்த மூன்று எண்களையும் ஒன்றாகப் பாவிப்பதுதான் வலைச் செயலிகளில் தமிழ் உடைவதற்குப் பெரும்பாலும் காரணம்.

உடைவது எப்படித் தெரியும்? பயனரின் படம் இல்லாதபோது வட்டத்துக்குள் பெயரின் முதல் எழுத்தைக் காட்டுவோம் இல்லையா, அதைப் பாருங்கள். செல்வி, சூர்யா, சிவா மூவருக்கும் வெறும் 'ச' வரும், ஏனென்றால் நிரல் எடுத்தது முதல் குறியை. செய்திச் சுருக்கத்தை 100 குறியில் வெட்டி மூன்று புள்ளி போடும் இடத்திலும் இதே கதை: வெட்டு எழுத்தின் நடுவில் விழுந்தால் 'கோ' என்பது 'க' ஆகிவிடும். பைட் கணக்கில் வெட்டினால் இன்னும் மோசம், கடைசியில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் வந்து உட்காரும். படிவத்தில் பெயருக்கு 15 என்று உச்சவரம்பு வைத்திருந்தால் மீனாட்சிசுந்தரம் என்பவர் தன் பெயரை முடிக்க முடியாது. 9 எழுத்துப் பெயர், ஆனால் 16 குறி. கடைசிப் புள்ளி உள்ளே வராது.

ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு, உரையை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் இண்டல் செக்மென்டர் என்ற கருவி இருக்கிறது. குரோமில் 2020 முதலும், சஃபாரியில் 2021 முதலும், ஃபயர்ஃபாக்ஸில் 2024 முதலும் கிடைக்கிறது, ஆகவே இனி தயங்கக் காரணமில்லை. பைதானில் ஓப்பன்-தமிழ் என்ற நிரல் நூலகம் எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: செக்மென்டர் க்ஷ, ஸ்ரீ இரண்டையும் இரண்டிரண்டு துண்டாகவே பிரிக்கும். விளையாட்டுச் செயலி, குறுக்கெழுத்து மாதிரி ஏதாவது எழுதினால் அவற்றை நீங்களே கவனிக்க வேண்டும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

என்னைக் கேட்டால், அதிக நாள் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கும் பிழை இதுதான். 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று; எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தரவுத்தளம் பெரும்பாலும் இரண்டையும் வேறு வேறு சொல்லாக எடுத்துக்கொள்ளும். கோபால் ஒரு விசைப்பலகையில் பதிவு செய்து, அலுவலர் இன்னொரு விசைப்பலகையில் தேடினால் 'அப்படி யாரும் இல்லை' என்று வரும். மேக்கின் பழைய கோப்பு முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்தது, அங்கிருந்து ஏறிய கோப்புகளிலும் இதைப் பார்க்கலாம்.

தீர்வு எளிது. உள்ளே வரும் எல்லா உரையையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றிச் சேமியுங்கள். தேடல் சொல்லையும் அப்படியே மாற்றுங்கள். பலர் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ், பைதானில் யூனிகோடுடேட்டா, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 13ஆம் பதிப்பிலிருந்து அதற்கென்றே ஒரு செயற்கூறு. கடவுச்சொல்லையும் ஹாஷ் செய்வதற்கு (திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றுவதற்கு) முன் இப்படி மாற்ற வேண்டும், இல்லையென்றால் கைபேசியில் வைத்த கடவுச்சொல் மடிக்கணினியில் ஏறாது. ஹாஷ் செய்யும் பீகிரிப்ட் முறை முதல் 72 பைட்டை மட்டுமே பார்க்கும் என்பதும் இங்கே முக்கியம்: தமிழில் அது 24 குறி, அதற்கு மேல் தட்டியது கணக்கில் வராமல் போகலாம்.

ஆனால் என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்க்காது. கௌரி என்று எழுத வேண்டிய இடத்தில் கெளரி என்று எகரக் கொம்போடு ளகரத்தைத் தட்டுகிறவர்கள் ஏராளம். எழுத்துரு வித்தியாசத்தைக் காட்டாது. யூனிகோடு பார்வையில் அது சரியான இன்னொரு எழுத்துத் தொடர், அதனால் அதைத் தொடாது. சரி, நாமே எல்லா 'ெள'வையும் 'ௌ' ஆக்கிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் வெள்ளி, தெளிவு, வெள்ளம் எல்லாம் நாசமாகிவிடும். ஆகவே சேமித்த பெயரைத் தொடாதீர்கள். தேடலுக்கென்று தனியாக ஒரு நெடுவரிசை வைத்து, அதில் மட்டும் ஔகாரக் குறியை 'ெள' ஆக மடித்து, அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்றி, வையுங்கள். தேடல் சொல்லையும் அதே வழியில் மடித்தால் இரண்டும் சந்தித்துக்கொள்ளும்.

ஸ்ரீயும் இப்படித்தான். 2005இல் யூனிகோடில் ஶ சேர்ந்த பிறகு ஸ்ரீயை ஸகரத்திலும் தொடங்கலாம், ஶகரத்திலும் தொடங்கலாம். ஸ்ரீரங்கம் என்று தேடுகிறவருக்குப் பாதி முடிவுகள் வராமல் போவது இதனால். தமிழ் எண் ௭ஐ எகரமாகவும் ௮ஐ அகரமாகவும் தட்டியவர்களும் உண்டு. இவற்றையும் அதே மடிப்பில் சேர்த்துவிடலாம்.

எழுத்தா என்று சோதிக்கும் நிரல்

'பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம்' என்ற சோதனை நல்ல எண்ணத்தில் எழுதப்படுவது. ஆனால் யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து (எல்) வகையில் இல்லை, துணைக்குறி (எம்) வகையில் இருக்கின்றன. அதனால் உரையின் வடிவத்தைச் சோதிக்கும் ரெஜெக்ஸில் எல் வகையை மட்டும் அனுமதித்தால் தமிழ்ப் பெயர் ஏறக்குறைய ஒன்றுகூடத் தேறாது. எம் வகையையும் சேர்த்தே எழுத வேண்டும். பைதானில் 'தமிழ்' என்ற சொல்லுக்கு, எல்லாம் எழுத்தா என்று பார்க்கும் இஸ்ஆல்ஃபா போட்டால் பொய் என்று வரும். அதன் ரெஜெக்ஸில் சொல்லில் வரும் எழுத்தைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ போட்டுச் சொற்களைப் பிரித்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டு கிடைக்கும்.

இந்தக் கோளாறு வலைச் செயலி எழுத உதவும் சட்டகங்களுக்குள்ளும் இருக்கிறது. பைதான் சட்டகமான ஜாங்கோவில் தலைப்பைப் பக்க முகவரியாக்கும் ஸ்லகிஃபை, யூனிகோடை அனுமதி என்று சொன்னபிறகும் அதே பேக்ஸ்லாஷ் டபிள்யூவை நம்புவதால் 'தமிழ்' என்பதை 'தமழ' ஆக்கிவிடும். வேர்ட்பிரஸில் வேறு விதம். அங்கே பக்க முகவரியில் தலைப்பு வரும் துண்டு, விழுக்காட்டு அடையாளமும் எண்ணெழுத்துகளும் கொண்ட குறியீடாக மாற்றப்பட்டு 200 இடத்தில் வெட்டப்படும். ஒரு தமிழ்க் குறி 9 இடம் பிடிப்பதால் 22 குறிக்குமேல் நிற்காது. நீளமான தலைப்புகள் பாதியில் அறுந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். என் யோசனை: முகவரியில் ஒரு எண்ணை வையுங்கள், தமிழ்ச் சொற்கள் அதற்குப் பின்னால் அழகுக்கு இருக்கட்டும். எண்ணை வைத்தே பக்கத்தைத் தேடினால் சொல் அறுந்தாலும் இணைப்பு அறுபடாது.

தரவுத்தளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைஎஸ்கியூஎல்லில் பழைய 'யூடிஎஃப்8' என்பது 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் அதில் அடங்கிவிடுவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். யாராவது கருத்தோடு ஓர் இமோஜி போட்ட அன்று பிழை வரும், அல்லது அந்த இடத்தோடு உரை அறுந்துவிடும். 2019இல் யூனிகோடு 12இல் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும்கூட 4 பைட்தான். 4 பைட்டையும் தாங்கும் 'யூடிஎஃப்8எம்பி4' வகையையே எடுங்கள். சிஎஸ்வி கோப்பைப் பயனர் எக்செல்லில் திறப்பார் என்றால் கோப்பின் தலையில், இது யூடிஎஃப்-8 என்று காட்டும் பாம் என்ற அடையாளக் குறியை வையுங்கள். இல்லாவிட்டால் தமிழ் அனைத்தும் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும்.

அகரவரிசை கொஞ்சம் கவனம் கேட்கிறது. பல், பவளம், பழம், பள்ளி, பறவை, பனி என்பது நாம் படித்த வரிசை. ஜாவாஸ்கிரிப்டில் வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளை வெறுமனே தருவது பனி, பறவை, பல், பள்ளி, பழம், பவளம். யூனிகோடில் ன என்பது நகரத்துக்குப் பக்கத்திலும், ற என்பது ரகரத்துக்குப் பக்கத்திலும் வைக்கப்பட்டிருப்பதுதான் காரணம். ஜகரமும் சகரத்தை அடுத்து வந்துவிடும். வாக்காளர் பட்டியல், மாணவர் பட்டியல் மாதிரி இடங்களில் மக்கள் தங்கள் பெயரைத் தேடி ஏமாறுவார்கள். மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் இண்டல் கொலேட்டரைத் தமிழ் மொழிக் குறியோடு பயன்படுத்தினால் சரியான வரிசை வரும். போஸ்ட்கிரெஸில் அதே வேலைக்கு ஐசியு கொலேஷன் இருக்கிறது.

பிடிஎஃப் என்னும் சோதனை

திரையில் எல்லாம் சரியாக இருக்கும். ரசீதைப் பதிவிறக்கினால் 'செல்வி' என்ற பெயரில் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இதற்கு எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து நாளைக் கழிப்பவர்கள் அதிகம். எழுத்துருவில் குறை இல்லை. எகரம், ஏகாரம், ஐகாரம் ஆகியவற்றின் குறிகள் நினைவகத்தில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகின்றன. எழுதும்போது முன்னால் வர வேண்டும். ஒகரமும் ஓகாரமும் மெய்யின் இரு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது வடிவமைப்பு எந்திரம். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஹார்ஃபஸ் என்ற எந்திரம் அந்த வேலையைச் செய்கிறது. பல பிடிஎஃப் நூலகங்களில் அப்படி எதுவும் இல்லை, வந்த வரிசையிலேயே வரைந்துவிட்டுப் போய்விடும்.

எளிய வழி, ரசீதை எச்டிஎம்எல்லாக எழுதி, சாளரம் திறக்காமல் பின்னணியில் ஓடும் குரோமைக் கொண்டு பிடிஎஃப் ஆக்குவது. பைதானில் எஃப்பிடிஎஃப்2 நூலகம் ஹார்ஃபஸை இணைத்துக்கொள்ள வழி தருகிறது, ஆனால் அதை நீங்கள் இயக்கிவிட வேண்டும். சான்றிதழ், வாழ்த்து அட்டை போன்ற படங்களைப் பைதானின் பட நூலகமான பில்லோ கொண்டு உருவாக்கினால், இந்த இடமாற்றத்துக்கு உதவும் ராக்ம் நூலகம் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், உங்கள் மடிக்கணினியில் தமிழ் எழுத்துரு இருக்கும், வழங்கியில் ஏற்றச் செயலியைப் பொதிந்த டாக்கர் படிமத்தில் பெரும்பாலும் இருக்காது. வழங்கியில் மட்டும் கட்டம் கட்டமாக வருகிறது என்றால் நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவைப் படிமத்தில் சேர்த்தால் போதும்.

தட்டச்சும் திரையும்

ஒலிபெயர்ப்பு முறையில் தட்டும்போது ஒரு சொல் முழுமையடைவதற்கு முன் பல நிலைகளைக் கடக்கும். அந்த நடுவில் உங்கள் நிரல் புகுந்து இடைவெளி நீக்குவது, எழுத்தை மாற்றுவது, தடுப்பது எல்லாம் செய்தால் எழுத்துகள் இரட்டிக்கும், கலையும். ஆண்ட்ராய்டு விசைப்பலகைகள் பல நேரம் எந்த விசைக்கும் 229 என்ற ஒரே எண்ணைத்தான் அனுப்பும், ஆகவே விசை எண்ணை நம்பி எதையும் வடிகட்ட முடியாது. உரையாடல் பெட்டியில் எண்டர் தட்டினால் செய்தி போகும்படி எழுதியிருந்தால் சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருப்பதைச் சொல்லும் இஸ்கம்போசிங் உண்மையா என்று முதலில் பாருங்கள். பயனர் பரிந்துரைத்த சொல்லைத் தேர்ந்தெடுக்கத்தான் எண்டர் தட்டியிருப்பார், நீங்கள் பாதிச் செய்தியை அனுப்பியிருப்பீர்கள்.

வரி உயரம் 1 என்றும் வழிந்தால் மறை என்றும் வைத்தால் மேலே புள்ளியும் கீழே 'ளு', 'ஞு' போன்றவற்றின் வாலும் வெட்டுப்படும். நான் 1.6க்குக் குறைப்பதில்லை. சாய்வெழுத்து தமிழில் வழக்கமில்லை. பெரும்பாலான எழுத்துருக்களில் அது கிடையாது என்பதால் உலாவி நேர் எழுத்தையே சாய்த்துக் காட்டும், படிக்கக் கடினம். பொத்தானுக்கு நிலையான அகலம் வைத்துவிட்டு 'சமர்ப்பிக்கவும்' உள்ளே போகவில்லை என்று வருந்துவதை விட, அகலத்தை விடுவித்து 'அனுப்பு' என்று எழுதலாம். பக்கத்தின் மொழிக் குறியைத் தமிழ் என்று வைக்க மறக்காதீர்கள். அது ஆங்கிலம் என்றே இருந்தால் பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறாமலே போகலாம். அவருக்கு அந்தப் பக்கமே இல்லாததற்குச் சமம்.

முதற்பெயர், கடைசிப்பெயர்

இது குறியாக்கம் சார்ந்ததல்ல, ஆனால் மனிதர்களை நேரடியாகப் புண்படுத்துவது. தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு பெயர், அதற்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். 'கடைசிப்பெயர் கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து' என்று படிவம் கேட்டால் அவர்கள் ஒரு புள்ளியை வைப்பார்கள், அல்லது தன் பெயரையே இரண்டு முறை எழுதுவார்கள், அல்லது தந்தை பெயரைப் போடுவார்கள். பிறகு மின்னஞ்சல் 'அன்புள்ள' என்று தொடங்கி அப்பாவை அழைக்கும். சான்றிதழில் அச்சான பெயர் அடையாள அட்டையோடு பொருந்தாது, திருத்தம் கேட்டு அவர்தான் அலைய வேண்டும். மலேசியத் தமிழர் பெயர்களில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி என்பவை சாய்கோட்டோடு வரும். சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ. சாய்கோட்டை மறுக்கும் சோதனை அவர்களின் சட்டப்பூர்வமான பெயரையே மறுக்கிறது. முழுப்பெயர் என்று ஒரே பெட்டி வையுங்கள், இடைவெளியும் புள்ளியும் சாய்கோடும் வரட்டும். வாழ்த்துக்கு வேண்டுமென்றால் 'உங்களை எப்படி அழைக்கலாம்?' என்று இன்னொரு பெட்டியை, கட்டாயம் இல்லாமல், பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.