பரிசல் ஒழுகியது: நான் அடைத்த விதம்

நாகமரையில் மேட்டூர் அணைத் தேக்கக் கரையில், இரவு தங்கக் கிளம்பும் முன் பரிசலில் நீர் ஊறியது. முதலில் ஈரத்தோடு தார் பூசினேன், மாலைக்குள் பெயர்ந்துவிட்டது. ஈரமும் சேறும் இருந்தால் தார் ஒட்டவே ஒட்டாது.

மறுநாள் பரிசலை இரண்டு கல்மேல் தூக்கிவைத்து, உள்ளே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். அடியில் சொட்டிய இடத்தைக் கரியால் குறித்தேன். காரணம் மூங்கில் சிம்பு. மூங்கில் பின்னலுக்கு வெளியே போர்த்தித் தார் பூசிய சாக்கை அது உள்ளிருந்து குத்தியிருந்தது. அதை நறுக்கி வழித்தாலொழிய எந்த ஒட்டும் நிற்காது.

நீரைக் கவிழ்த்துவிட்டு அரைநாள் வெயிலில் காயவைத்து, பழைய தாரைச் சுரண்டினேன். ஓட்டையைச் சுற்றி நாலு விரல் கூடுதலாகப் பருத்தித் துணி வெட்டி, உருக்கிய தாரில் தோய்த்து அழுத்தினேன். ஆறியபின் மேலே இன்னொரு பூச்சு. தார் டின்னில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக்கூடாது. பொங்கிக் கையைச் சுட்டுவிடும், கவனம்.

இரவில் பரிசலை மேட்டில் ஏற்றிக் கவிழ்த்து வையுங்கள். நீர்விளிம்பில் ஒரு குச்சி நடுங்கள். கர்நாடக எல்லையிலுள்ள பிலிகுண்டுலு வழியாகக் காவிரி நீர்வரத்து கூடினால் இருட்டிலேயே நீர் ஏறும், குச்சி முழுகும். கூடாரத்தை இன்னும் மேலே போடுங்கள்.