ஓடும் வண்டிக்கு ஈக்வலைசர்: ஸ்டெப் சைஸை எப்படித் தேர்ந்தெடுப்பது

அலை வரும் வழியில் (சேனல்) எதிரொலிகளால் குழம்பிய சிக்னலைச் சீர்செய்யும் வடிகட்டிதான் ஈக்வலைசர். அந்தப் புராஜெக்டை என்னிடம் காட்ட வரும் ஈ.சி.இ. (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்) மாணவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படத்தோடு வருவார்கள். எர்ரர் சரசரவென்று இறங்கி, அடியில் தட்டையாக நிற்கும் கோடு. "கன்வெர்ஜ் ஆயிடுச்சு சார்" என்பார்கள், அதாவது பழகி முடித்துவிட்டதாம். சேனல் நகர்ந்ததா என்று கேட்டால் பதில் வராது. அசையாத சேனல் என்றால் டேப் மதிப்புகளை (வடிகட்டியின் பெருக்கு எண்களை) ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டாலே போதும். தன்னைத் தானே திருத்திக்கொண்டே போகும் அடாப்டிவ் ஈக்வலைசர் முக்கியமாகத் தேவைப்படுவது நகரும் சேனலுக்காக. அதனால், சேனல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கோடிங்கில் கை வைக்க வேண்டும்.

ஜி.எஸ்.எம். (2ஜி மொபைல்) அளவுகளையே எடுத்துக்கொள்வோம். அலைவரிசை 900 மெகாஹெர்ட்ஸ், விநாடிக்கு சுமார் 2,70,833 சிம்பல் (ஒரு தடவையில் அனுப்பும் தகவல் துண்டு). ஒரு சிம்பலுக்கு 3.69 மைக்ரோவிநாடி. மலைப்பாங்கான இடத்தில் எதிரொலி 16 மைக்ரோவிநாடி தாமதமாக வரலாம், நேர்வழியைவிட 4.8 கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்த அலை அது. அதாவது ஒரு சிம்பலின் சாயல் அடுத்த நான்கைந்து சிம்பல்கள் மேல் விழுகிறது. முதல் எண் இது.

இரண்டாவது எண் டாப்ளர், அதாவது வண்டி ஓடுவதால் அலைவரிசையில் வரும் மாற்றம். 900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 33 சென்டிமீட்டர். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 16.7 மீட்டர் ஓடினால் டாப்ளர் 50 ஹெர்ட்ஸ். 0.423 என்ற வழக்கமான மாறிலியை அதால் வகுத்தால் 8.5 மில்லிவிநாடி. சேனல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் நேரம் இது. சிம்பலில் சொன்னால் சுமார் 2,300. இந்த 2,300-ஐ ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். இனி எல்லா முடிவும் இதை ஒட்டித்தான்.

டேப் எண்ணிக்கைக்கு நான் எதிரொலி நீளத்தைப்போல் மூன்று மடங்கு வைப்பேன். இங்கே 15. நடு டேப்புக்கு 1, மற்றவற்றுக்கு 0 கொடுத்துத் தொடங்குங்கள். ட்ரெயினிங் சிம்பலை (ரிசீவருக்கு முன்பே தெரிந்த சிம்பலை) ஒப்பிடும்போது நடு டேப்புக்கு ஏற்றபடி 7 சிம்பல் தள்ளி ஒப்பிட வேண்டும். எர்ரர் இறங்கவே இல்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அல்காரிதம், எல்.எம்.எஸ். விட்ரோவும் ஹாஃபும் 1960-இல் கொடுத்தது. எர்ரரைப் பார்த்து ஒவ்வொரு சிம்பலுக்கும் டேப்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தும்; ஒரு திருத்தம் எவ்வளவு பெரிது என்பதே ஸ்டெப் சைஸ். ஆனால் அதை நார்மலைஸ் செய்து போடுங்கள். ஃபேடிங்கில், அதாவது எதிரொலிகள் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் வரும்போது, சிக்னல் வலிமை 20, 30 டெசிபல் ஏறி இறங்கும், சாதா எல்.எம்.எஸ்.ஸில் அதோடு சேர்ந்து ஸ்டெப்பும் ஏறி இறங்கும். உள்ளீட்டுச் சக்தியால் வகுத்துவிட்டால் அந்தத் தொல்லை போகும். ஆனால் சிக்னல் ஆழமாக மூழ்கும் நேரத்தில் வகுக்கும் எண் சிறுத்துவிடும், நாய்ஸை நம்பி டேப்கள் எங்கெங்கோ ஓடும். அதனால் வகுக்கும் எண்ணோடு ஒரு சிறு மாறிலியைக் கூட்டுங்கள். சக்தி ஒரு வரம்புக்குக் கீழே போனால் டேப்களை அப்படியே நிறுத்திவைத்து, சிக்னல் எழுந்ததும் விடுங்கள்.

சரி, ஸ்டெப் சைஸ். நார்மலைஸ் செய்த எல்.எம்.எஸ். பழகும் நேரம், தோராயமாக, டேப் எண்ணிக்கையை ஸ்டெப்பால் வகுத்தால் கிடைக்கும். 15 டேப்புக்கு 0.01 வைத்தால் 1,500 சிம்பல். தாளில் இருப்பதோ 2,300. ஈக்வலைசர் கற்று முடிப்பதற்குள் சேனல் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. 0.1 வைத்தால் 150 சிம்பல். துரத்திப் பிடிக்க நேரம் இருக்கிறது. அதற்குக் கூலி, டேப்களின் நடுக்கத்தால் ஏறும் கூடுதல் பிழை, சுமார் 5 சதவீதம். 0.5 வைத்தால் அது 33 சதவீதம். அசையாத சேனலில் 0.01-தான் அழகான கோடு தரும், மாணவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதும் அதனால்தான். வண்டி ஓடினால் அதே 0.01 தோற்கும். எதிரொலி கடுமையாக இருந்து ஸ்பெக்ட்ரத்தில் பள்ளம் விழுந்தால் (சில அலைவரிசைகள் மட்டும் வலுவிழந்தால்) பழகும் நேரம் இன்னும் நீளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தொடக்கத்தில் மட்டும் 0.5 வைத்து 150 தெரிந்த சிம்பல்களால் பழக்கி, அப்புறம் 0.1-க்கு இறக்குவது என் வழக்கம். அவ்வளவு ட்ரெயினிங் கட்டுப்படியாகாது என்றால் ஆர்.எல்.எஸ். என்ற, இன்னும் வேகமாகப் பழகும் அல்காரிதத்தைப் போடலாம், டேப்பைப்போல் இரு மடங்கு, 30 சிம்பலில் பழகிவிடும். கணக்கு வேலை அதிகம், சிங்கிள் பிரிசிஷனில் (32 பிட் எண்களில்) சில சமயம் நிலைகுலையும். பழகிய பிறகு பின்தொடர்வதில் அது எப்போதும் எல்.எம்.எஸ்.ஸை வெல்லும் என்று நினைக்காதீர்கள்.

ஜி.எஸ்.எம். இந்தச் சிக்கலையே வேறு விதமாகத் தாண்டியது. ஒரே மூச்சில் அனுப்பும் 148 பிட் தொகுப்பின் (பர்ஸ்ட்) நடுவில் 26 பிட் ட்ரெயினிங். இரு ஓரத்துக்கும் ஏறக்குறைய சம தூரம் என்பதால் பர்ஸ்ட்டின் எந்தப் பிட்டும் ட்ரெயினிங்கிலிருந்து வெகுதூரம் இல்லை. அரை மில்லிவிநாடிக்குச் சற்று அதிகமான பர்ஸ்ட்டுக்குள் சேனல் பெரிதாக அசையாது. 26 பிட்டில் எல்.எம்.எஸ். பழக முடியாது, அதனால் கோரிலேஷன் மூலம் (வந்ததைத் தெரிந்த பிட்டுகளோடு ஒப்பிட்டு) சேனலை மதிப்பிட்டு, மிகப் பொருத்தமான பிட் வரிசையைத் தேடும் விட்டர்பி அல்காரிதம் வழியாகப் பிட்டுகளைப் பிரிப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்புகளில் இதுவும் ஒன்று.

நம் வழிக்கு வருவோம். ட்ரெயினிங் முடிந்ததும் ஈக்வலைசர் தன் முடிவுகளையே நம்பிப் பழகும் நிலைக்கு மாறும். பத்தில் ஒரு சிம்பலுக்கு மேல் தவறினால் மாற்றாதீர்கள். அலையின் நான்கு கட்டங்களில் (ஃபேஸ்) பிட்டுகளை அனுப்பும் க்யூ.பி.எஸ்.கே.யில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆழமான ஃபேடிங் ஒன்றைத் தாண்டும்போது கட்டம் 90 டிகிரி நழுவிவிடலாம். நான்கு புள்ளிகளும் கச்சிதமாகத் தெரியும், எர்ரர் குறைவாக இருக்கும், ஆனால் வரும் பிட்டுகள் தவறானவை. எர்ரர் கோட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொரு 200 சிம்பலுக்கும் 20 தெரிந்த சிம்பல் நுழைத்துச் சரிபாருங்கள். அவை பொருந்தவில்லை என்றால் கட்டத்தைத் திருப்புங்கள். அப்படியும் பொருந்தாவிட்டால் மறுபடி ட்ரெயினிங்.

ஸ்பெக்ட்ரத்தில் ஆழமான பள்ளம் இருந்தால் நேரான (லீனியர்) ஈக்வலைசர் அங்கே நாய்ஸையும் சேர்த்துத் தூக்கும். அப்போது டி.எஃப்.இ., அதாவது முந்தைய முடிவுகளைக் கொண்டு எதிரொலியைக் கழிக்கும் ஈக்வலைசர் போடுங்கள்.

சோதனைக்கு ஆக்டேவ் என்ற இலவசக் கணக்கீட்டு மென்பொருள் போதும். மொபைல் சேனல்களுக்கான காஸ்ட் 207 மாதிரியின் மலைப்பகுதி சேனலை எடுத்து ஒவ்வொரு பாதைக்கும் ரேலி ஃபேடிங் (நேர்வழி அலை இல்லாதபோது வரும் ஏற்ற இறக்கம்) கொடுங்கள். முதலில் 3 கிலோமீட்டர் வேகம், பிறகு 60, கடைசியில் 120. 120-இல் உங்கள் 2,300 சுமார் 1,150 ஆகிவிடும். மூன்று வேகத்துக்கும் பல ஸ்டெப் சைஸ்களில் பிட் பிழை விகிதத்தை ஒரே படத்தில் வரைந்து எடுத்து வாருங்கள். ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு கிண்ணம்போல வளைவு வரும். வேகம் கூடக் கூட அதன் அடிப்பகுதி பெரிய ஸ்டெப் பக்கம் நகர வேண்டும். நகரவில்லை என்றால் உங்கள் நிரலில் சேனல் அசையவே இல்லை. ஃபேடிங் எழுதிய வரிகளை முதலில் பாருங்கள்.