கட்டப் புதிரில் பெருக்கல் குறிக்குத்தான் மதிப்பு

யார், எதைக் குடித்தார், எதில் வந்தார் என்று கட்டம் போட்டுக் கண்டுபிடிக்கும் தர்க்கப் புதிர்களில் பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். 'இதுதான்' என்று டிக் போடும் இடத்தை மட்டும் தேடுவதுதான் காரணம். 'இது இல்லை' என்று பெருக்கல் குறி (×) போடும் இடத்தைத் தேடுங்கள், புதிர் தானாக நகரும்.

மாலா, கண்ணன், செல்வி என்று மூன்று பேர். காபி குடிப்பவர் பஸ்ஸில் வருகிறார். மாலா சைக்கிளில் வருகிறார். காபிக்கும் மாலாவுக்கும் நேரடித் துப்பு எதுவும் இல்லைதான். ஆனாலும் மாலா-காபி கட்டத்தில் தைரியமாகப் பெருக்கல் போடலாம். சைக்கிளில் வருபவர் பஸ்ஸில் வர முடியாதே! ஒவ்வொரு டிக்குக்குப் பிறகும் அந்த வரிசையிலும் பத்தியிலும் மீதிக் கட்டங்களில் பெருக்கல் போட்டுவிட்டு, பழைய துப்புகளை முதலிலிருந்து மறுபடி படியுங்கள். முதல் தடவை ஊமையாக இருந்த துப்பு இப்போது பேசும்.

பென்சிலில் எழுதுங்கள். ஊகித்து டிக் போடாதீர்கள், ஒன்று தப்பினால் மொத்தமும் போச்சு.

தினம் பதினைந்து நிமிடம் போதும். அவசரமாக முடிவுக்குத் தாவாமல், தெரிந்ததையும் ஊகித்ததையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வரும். போனை எடுக்காமல் ஒரே விஷயத்தில் உட்காரவும் முடிகிறது, எனக்கு இதுவே பெரிய லாபம்.

கை பழகியதும், 1962-இல் 'லைஃப் இன்டர்நேஷனல்' இதழில் வந்த வரிக்குதிரைப் புதிரை எடுங்கள். ஐந்து வீடுகள், 15 துப்புகள். வரிக்குதிரை யாருடையது?